லினக்ஸுக்கு லேப்டாப்: புதிது வாங்கவா, பழையது வாங்கவா, இருப்பதையே தேற்றவா? காரைக்குடி வட்டாரத்தாருக்கான கேள்வி பதில்

வீட்டில் ஒரு பழைய லேப்டாப் கிடக்கிறது. அதிலேயே விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயக்குதளத்தைப் போட்டால் போதுமா?

பெரும்பாலும் போதும். ஆனால் காசை எடுப்பதற்கு முன் அந்த லேப்டாப்பில் நான்கு விஷயங்களைப் பாருங்கள். ராம் சாக்கெட்டில் செருகியிருக்கிறதா, போர்டோடு பற்றவைத்திருக்கிறதா? உள்ளே இருப்பது ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா? வைஃபை சிப் எந்தக் கம்பெனியுடையது? பேட்டரி இன்னும் கடையில் கிடைக்கிறதா?

ராம் பற்றவைத்தது, அதுவும் 4 ஜிபி என்றால் அந்த லேப்டாப்பில் செலவு செய்யாதீர்கள். மற்றபடி இன்டெல் பிராசசரில் நான்காம் தலைமுறைக்கு (2013) மேற்பட்ட எதுவும் 8 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி போட்டால் எழுத, படிக்க, பிரவுசர் பார்க்க, புரோகிராமிங் கற்க நன்றாகவே ஓடும். அதைவிடப் பழையதும் ஓடும். ஆனால் யூடியூப் வீடியோவை முழுக்கப் பிராசசரே விரித்துக்காட்ட வேண்டியிருப்பதால் சூடு ஏறி ஃபேன் இரையும். யூடியூப் பயன்படுத்தும் விபி9 என்ற சுருக்க வகை வீடியோவை வன்பொருளே கவனித்துக்கொள்வது ஏழாம் தலைமுறையிலிருந்துதான் முழுமையானது. ஏவி1 வகைக்குப் பதினொன்றாம் தலைமுறை வேண்டும்.

பள்ளியில் அரசு கொடுத்த இலவச லேப்டாப்பைத் தேற்றலாமா?

அந்தத் திட்டம் 2011-ல் தொடங்கியது. வருஷத்துக்கு வருஷம் மாடல் மாறியதால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் என்ற இந்திய அரசு நிறுவனத்தின் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. ஆகவே லினக்ஸ் ஓடுமா என்ற சந்தேகம் வேண்டாம். ஓடுவது வேறு, வேலைக்கு ஆவது வேறு. ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி போடுவது வீண் போகாது, நாளைக்கு அதைக் கழற்றி வேறு லேப்டாப்பில் மாட்டிக்கொள்ளலாம். ராம் அப்படியில்லை. டிடிஆர்3 காலத்து ராம் புதிய லேப்டாப் எதிலும் சேராது. 4 ஜிபியோடு நிறுத்தி, லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டு, ராமில் இருப்பதைச் சுருக்கி இடம் மிச்சப்படுத்தும் இசட்ராமை இயக்கிவிட்டு, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பைத்தான் பழகக் கொடுங்கள்.

செலவு எந்த அளவு போனால் தேற்றுவதை நிறுத்த வேண்டும்?

ராம், எஸ்எஸ்டி, பேட்டரி மூன்றுக்கும் விலை கேளுங்கள். அந்தக் கூட்டுத்தொகை, எட்டாம் தலைமுறை பிசினஸ் லேப்டாப் ஒன்றின் செகண்ட் ஹேண்ட் விலையில் பாதியைத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள். திரையோ கீலோ உடைந்திருந்தால் கணக்கே போட வேண்டாம். 2025 கடைசியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியிருப்பதால், 16 ஜிபி ஏற்கெனவே மாட்டியிருக்கும் பழைய லேப்டாப்பே பல சமயம் மலிவாக முடிகிறது.

அதென்ன எட்டாம் தலைமுறை?

அதற்கு முன் மெலிந்த லேப்டாப்களில் ஐ5 என்று எழுதியிருந்தாலும் உள்ளே இரண்டு கோர்தான். 2017-ல் வந்த ஐ5-8250யு முதல் நான்கு கோர் ஆனது. இன்னொரு காரணம் விண்டோஸ் 11. அது இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே, ஓரிரு விதிவிலக்கு தவிர, அதிகாரப்பூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அதனால் ஆறாம், ஏழாம் தலைமுறை லேப்டாப்களை அலுவலகங்கள் கழித்துக்கட்டுகின்றன. லினக்ஸுக்கு அவை ஒன்றும் கெட்டுப்போனவை அல்ல. கையில் காசு குறைவு என்றால் ஏழாவதை எடுங்கள்; கொஞ்சம் கூடப் போட முடியும் என்றால் எட்டாவது.

செகண்ட் ஹேண்டில் எந்த மாடல்?

கம்பெனிகளுக்கென்று செய்த வரிசைகளையே பாருங்கள்: லெனோவா திங்க்பேட் டி வரிசை, டெல் லேட்டிட்யூட், ஹெச்பி எலைட்புக். வீட்டு உபயோக மாடல்கள் பளபளப்பாக இருக்கும், கீல் முதலில் போகும், உதிரி கிடைக்காது. காரைக்குடியிலிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ தொண்ணூறு கிலோமீட்டருக்குப் பக்கம். ஒரு கீபோர்டு மாற்ற அவ்வளவு தூரம் அலைவதைவிட, தபாலில் வரவழைத்து இரண்டு ஸ்குரூ கழற்றி நாமே மாட்டக்கூடிய மாடல் மேல்.

திங்க்பேட் டி480 இதில் முதலிடம். ராமுக்கு இரண்டு சாக்கெட், உள்ளே ஒரு பேட்டரி, வெளியே கழற்றி மாட்டும் இன்னொன்று. வெளிப் பேட்டரியைக் கழற்றி வேறு மாட்டும்போதும் லேப்டாப் அணையாது. குறைகளும் உண்டு. டைப்-சி துளையைக் கவனிக்கும் தண்டர்போல்ட் சிப்பின் பழைய ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ளேயே இருக்கும் நிரல்) தன் நினைவகத்தில் எழுதிக்கொண்டே இருந்து, கடைசியில் டைப்-சி வழி சார்ஜ் ஆவதையே நிறுத்திவிடும். வாங்கிய அன்றே அதைப் புதுப்பியுங்கள். டைப்-சி சாக்கெட் மெயின் போர்டோடு பற்றவைத்தது. ஒயரை இழுத்து ஆட்டினால் போர்டு வேலைதான். கைரேகை உணரியை வழக்கமான லினக்ஸ் நிரல்கள் அறியா. அது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரில் ஒரு எழுத்து கூடினாலும் கவனம் தேவை. டி480எஸ் மாடலில் ராமில் ஒரு பகுதி பற்றவைத்தது, சாக்கெட் ஒன்றுதான். எக்ஸ்1 கார்பனில் முழுவதும் பற்றவைத்தது. லேட்டிட்யூட் 5490-ல் இரண்டு சாக்கெட் உண்டு. ஆனால் 68 வாட்-மணி பெரிய பேட்டரி போட்டு வந்திருந்தால் 2.5 அங்குல டிஸ்க் வைக்கும் இடத்தை அதுவே அடைத்துக்கொள்ளும், எம்.2 என்ற சிறு பட்டை வடிவ எஸ்எஸ்டிக்கான இடம் மட்டும்தான் மிஞ்சும். சின்னப் பேட்டரி மாடல் என்றாலும் டிஸ்கை இணைக்கும் கேபிளும் தாங்கியும் கூட வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள், பல கடைகளில் அவற்றைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

கடையில் எப்படிச் சோதிப்பது?

8 ஜிபி பென்டிரைவில் லினக்ஸ் மின்ட் லைவ் (நிறுவாமலே ஓடும் வகை) போட்டு எடுத்துப் போங்கள். லெனோவாவிலும் டெல்லிலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9 அழுத்தினால் பென்டிரைவைத் தேர்ந்தெடுக்கலாம். டிஸ்க்கைத் தொடாமல் லினக்ஸ் மேலெழும். கடைக்காரர் யோசித்தால், எதையும் நிறுவவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

வைஃபையில் உங்கள் போன் ஹாட்ஸ்பாட் தெரிய வேண்டும். ஒலி, மைக், கேமரா, திரை வெளிச்சம் கூட்டும் பொத்தான், எல்லா யுஎஸ்பி துளைகளும் பாருங்கள். மூடியை மூடி ஐந்து நிமிடம் விட்டுத் திறங்கள்; தூங்கி எழாத லேப்டாப் வேண்டாம். பிறகு பவர் ஸ்டாடிஸ்டிக்ஸ் என்ற நிரலில் பேட்டரியின் வடிவமைப்புக் கொள்ளளவையும் இப்போது முழுச் சார்ஜில் தாங்கும் அளவையும் ஒப்பிடுங்கள். 48 வாட்-மணி பேட்டரி 30-க்குக் கீழே இறங்கியிருந்தால் புதுப் பேட்டரி விலையைக் கழித்துப் பேசலாம். டிஸ்க்ஸ் நிரலில் எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியது என்பது தெரியும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பயாஸ், அதாவது இயக்குதளம் ஏறுவதற்கு முன் வரும் லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரை. உள்ளே போய் எதையாவது மாற்றிச் சேமித்துப் பாருங்கள். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்டால் அந்த லேப்டாப்பை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். திங்க்பேடில் அது போர்டிலுள்ள சிப்பில் பதிந்திருக்கும். பேட்டரியைக் கழற்றி வைத்தால் போய்விடாது. ‘அப்புறம் எடுத்துத் தருகிறோம்’ என்ற பேச்சை நம்ப வேண்டாம். அப்சலூட் என்ற கண்காணிப்பு வசதி நிரந்தரமாக இயக்கப்பட்டிருந்தாலும் தவிருங்கள், அது இன்னொரு கம்பெனியின் சொத்தாக இன்னும் கணக்கில் இருக்கலாம்.

ராமும் எஸ்எஸ்டியும் நாமே மாட்டலாமா?

தாராளமாக. தேவைப்படுவது ஒரு சின்ன ஸ்டார் ஸ்குரூடிரைவர், ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டை.

வாங்கும்போதுதான் தவறு நடக்கிறது. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றின் வெட்டும் வேறு வேறு இடம், ஒன்றில் மற்றொன்று இறங்காது. ஆனால் டிடிஆர்3-க்குள்ளேயே 1.5 வோல்ட் ராமும் 1.35 வோல்ட் டிடிஆர்3எல் ராமும் ஒரே மாதிரி இருக்கும். நான்காம் தலைமுறை லேப்டாப்பில் 1.5 வோல்ட் ராம் சாக்கெட்டில் உட்காரும், திரை வராது. வேகம் பற்றிக் கவலை வேண்டாம்: 3200 ராமை 2400 கேட்கும் லேப்டாப்பில் போட்டால் 2400-ல் ஓடும். ஒரே 16 ஜிபியைவிட இரண்டு 8 ஜிபி நல்லது. தனி கிராபிக்ஸ் இல்லாத லேப்டாப்பில் திரை வேலைக்கும் அதே ராம்தான், இரட்டை வழி கிடைத்தால் வித்தியாசம் தெரியும்.

எம்.2 எஸ்எஸ்டியில் இரண்டு இனம். முனையில் ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் வேகமான என்விஎம்இ, இரண்டு வெட்டு என்றால் பெரும்பாலும் பழைய வகையான சாட்டா. உங்கள் லேப்டாப் எதை ஏற்கும் என்பதை அதன் பழுதுபார்ப்புக் கையேட்டில் பாருங்கள், கம்பெனியின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். நீளமும் முக்கியம்: 2280 என்றால் 80 மில்லிமீட்டர், 2242 என்றால் 42.

மாட்டும் முறை இதுதான். கோப்புகளை வெளியே எடுத்து வையுங்கள். திங்க்பேட் என்றால் பயாஸில் உள் பேட்டரியைச் செயலிழக்கச் செய்யும் தேர்வு இருக்கிறது, அதை அழுத்தினால் லேப்டாப் தானே அணையும். சார்ஜரைச் செருகும்வரை உயிர் வராது. மற்ற மாடல்களில் அடிமூடியைத் திறந்ததும் பேட்டரி இணைப்பை முதலில் கழற்றுங்கள். ஸ்குரூக்களை எடுத்த வரிசையிலேயே ஒரு தாளில் வையுங்கள், நீளம் வேறுபடும். நீண்டதைக் குட்டைத் துளையில் முறுக்கினால் கீபோர்டுப் பக்கம் புடைக்கும். ராமைச் சாய்வாக நுழைத்து, தங்கநிற விளிம்பு மறையும்வரை தள்ளி, பிறகு கீழே அழுத்தினால் இருபுறக் கொக்கியும் டக்கென்று பிடிக்கும். எஸ்எஸ்டியை இறுக்கும் குட்டி ஸ்குரூ பழைய லேப்டாப்களில் காணாமல் போயிருக்கும். செலோடேப் ஒட்டிச் சமாளிக்காதீர்கள், சூட்டில் பசை இளகி எஸ்எஸ்டி தூக்கிக்கொள்ளும்.

முதல்முறை இயக்கும்போது திரை ஓரிரு நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். புது ராமை லேப்டாப் அளந்து பார்க்கிற நேரம் அது. அணைக்காமல் பொறுங்கள். அன்று இரவு மெம்டெஸ்ட்86+ என்ற ராம் சோதனை நிரலை ஓடவிட்டுத் தூங்குங்கள். காலையில் ஒரு பிழை காட்டினாலும் அந்த ராமைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

வைஃபை வேலை செய்யவில்லை. கார்டை மாற்றலாமா?

பிராட்காம் சிப் என்றால் தனி டிரைவர் நிறுவ வேண்டும்; ரியல்டெக்கில் சிலவற்றுக்குப் புதிய கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) வேண்டும், ஆர்டிஎல்8852பிஇ சிப்புக்குக் கெர்னல் 6.2-லிருந்துதான் ஆதரவு. நிறுவும் நேரத்தில் இணையம் வேண்டுமே என்றால், ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளால் இணைத்து, போனின் இணையத்தைப் பகிரும் டெதரிங்கைப் போடுங்கள். லினக்ஸ் அதை உடனே பிடித்துக்கொள்ளும்.

மாற்றுவதாக இருந்தால் இன்டெல் ஏஎக்ஸ்210 வாங்குங்கள். பெயரில் ஏமாறாதீர்கள்: ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 இரண்டும் குறிப்பிட்ட இன்டெல் லேப்டாப்களில் மட்டுமே வேலை செய்யும், ஏஎம்டியில் உயிரே வராது. 2013 வாக்கிலும் அதற்கு முன்பும் வந்த திங்க்பேட்களில் பயாஸ் அந்நியக் கார்டை ஏற்காமல் 1802 என்ற பிழை காட்டி நின்றுவிடும். அவற்றுக்கு ஒரு குட்டி யுஎஸ்பி வைஃபையே சரியான மருந்து.

கார்டு நல்ல கார்டுதான். முகப்பில் சிக்னல் இருக்கிறது, இரண்டாங்கட்டில் இல்லை.

அது லேப்டாப் குறையல்ல, சுவர். நம் பக்கத்துப் பழைய வீடுகளின் தடித்த செங்கல் சுண்ணாம்புச் சுவர் இரண்டைத் தாண்டினாலே 5 கிகாஹெர்ட்ஸ் அலை செத்துப்போகும், 2.4 ஓரளவு தாக்குப்பிடிக்கும். ரூட்டரை முகப்பிலிருந்து வளவுக்குக் கொண்டுவந்து திறந்த முற்றத்தைப் பார்க்க வையுங்கள். அதுவும் போதாவிட்டால் கேட்-6 கேபிளை உத்தரத்தோரமாக இழுத்து, பின்கட்டில் இன்னொரு ஆக்சஸ் பாயின்ட் வைக்க வேண்டும். கம்பியில்லாமல் வாங்கிப் பரப்பும் ரிப்பீட்டருக்கு அதே சுவர்தான் எதிரி.

சார்ஜர் செருகினால் லேப்டாப் உடம்பு விறுவிறு என்கிறது, டச்பேட் துள்ளுகிறது. லினக்ஸ் டிரைவர் கோளாறா?

சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். துள்ளல் நின்றால் டிரைவர் மேல் பழியில்லை, எர்த் இல்லை. சார்ஜரில் இருக்கும் வடிகட்டி மிகச் சிறிய மின்கசிவை எர்த்துக்கு அனுப்பும். பழைய வயரிங்கில் மூன்று துளை பிளக் பாயின்ட் இருக்கும், எர்த் துளைக்குப் பின்னால் கம்பி இருக்காது. மூன்று முனையை இரண்டாக்கும் கன்வெர்ட்டர் போட்டாலும் இதே கதை. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் போடுங்கள். லேப்டாப்புக்காக மட்டுமல்ல, கிரைண்டருக்கும் ஹீட்டருக்கும் அது வேண்டும்.

இதோடு சேர்த்து: டெல்லின் வட்டமுனைச் சார்ஜரில் நடுவே ஒரு மெல்லிய ஊசி இருக்கும், அதன் வழியாகத்தான் லேப்டாப் சார்ஜரை அடையாளம் காண்கிறது. ஊசி வளைந்தாலும், மலிவு நகல் வாங்கினாலும் பேட்டரி ஏறாது. பிராசசரும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஆமையாகும். லினக்ஸ் மெதுவாக இருக்கிறது என்று வரும் புகார்களில் இதுவும் உண்டு.

புதிதுதான் வாங்கப்போகிறேன். என்ன பார்க்க வேண்டும்?

பிராசசர் சந்தைக்கு வந்து ஓராண்டாவது ஆகியிருக்கட்டும். உபுண்டு 24.04 போன்ற நீண்டகால ஆதரவுப் பதிப்பு அதை அடையாளம் கண்டுகொள்ள அவ்வளவு நாள் பிடிக்கும். ஸ்னாப்டிராகன் லேப்டாப்பை லினக்ஸுக்கென்று வாங்காதீர்கள். இன்டெல்லோ ஏஎம்டியோ, உள்கிராபிக்ஸ் போதும்.

என்விடியா வேண்டுமென்றால் தெரிந்தே வாங்குங்கள். பல கேமிங் லேப்டாப்களில் எச்டிஎம்ஐ துளை என்விடியாவோடு இணைந்திருக்கும், டிரைவர் இல்லாமல் புரொஜெக்டரில் படம் வராது. டிரைவர் நிறுவியபின் மறுதொடக்கத்தில் ஒரு நீலத் திரை வந்து சாவியைப் பதியச் சொல்லும், அங்கீகரித்த நிரலை மட்டும் ஏற்கும் ‘செக்யூர் பூட்’ என்ற பாதுகாப்புக்கானது அது. பலர் அதைப் பார்க்காமல் தாண்டிவிட்டு, டிரைவர் ஏறவில்லை என்று திரும்பத் திரும்ப நிறுவுகிறார்கள்.

விண்டோஸ் இல்லாமல் டாஸ் அல்லது உபுண்டு போட்டு விற்கும் மாடல்களையும் கேட்டுப் பாருங்கள். விண்டோஸோடு வந்ததில் லினக்ஸ் நிறுவும்போது எஸ்எஸ்டியே தெரியாவிட்டால், பயாஸில் டிஸ்க்கைக் கையாளும் முறையாக இன்டெல் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி இயக்கத்தில் இருக்கும். ஏஎச்சிஐ ஆக்க வேண்டும். அதற்கு முன் விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரின் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விண்டோஸ் உள்ளே விடாது.

டெஸ்க்டாப் போல லேப்டாப்பையும் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்யலாமா?

முடியாது. போர்டு, திரை, கூடு எல்லாம் ஒரு மாடலுக்கென்று செய்தவை, அளவுப் பொதுமை கிடையாது. அமெரிக்காவின் ஃபிரேம்வொர்க் கம்பெனி பாகம் மாற்றும்படியே லேப்டாப் செய்கிறது; நம்மூர்க் கடையில் அதற்கு உதிரி தேட முடியாது.

ஒரே இடத்தில் வைத்து வேலை செய்பவர் என்றால் திங்க்சென்டர் டைனி, ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ போன்ற பழைய குட்டி டெஸ்க்டாப்பையும் ஒரு மானிட்டரையும் யோசிக்கலாம். அதே காசுக்கு வேகம் அதிகம். ஆனால் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலைவரை கரன்ட் நிறுத்தும் நாளில் யுபிஎஸ் சில நிமிடம்தான் தாங்கும், லேப்டாப் பாதி நாளை ஓட்டிவிடும். அந்த நாளுக்கு ரூட்டருக்கும் ஒரு 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கி வையுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து அண்ணன் வருகிறார். அங்கிருந்து கொண்டுவரச் சொல்லலாமா?

சொல்லலாம். பதினெட்டு வயது நிரம்பிய பயணி ஒருவர் ஒரு லேப்டாப்பைச் சுங்கவரியின்றிக் கொண்டுவரலாம். தனிப் பேட்டரி வாங்கினால் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும், சுவரில் செருகும் ஒயரை மட்டும் இங்கே மாற்றிக்கொண்டால் போதும். வாரன்டி இந்தியாவிலும் செல்லுமா என்பதை வரிசை எண்ணைக் கொடுத்துக் கம்பெனி தளத்தில் பார்த்துவிட்டுக் காசு கொடுக்கச் சொல்லுங்கள். லினக்ஸுக்கென்றால் மேக்புக் மட்டும் வேண்டாம்.

சித்திரை வெயிலில் பேட்டரி உப்புகிறது என்கிறார்களே?

உண்மைதான். சூடும் முழுச் சார்ஜும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் கெடும். பேட்டரி ஆராய்ச்சி நடக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தைக் காரைக்குடியிலேயே வைத்துக்கொண்டு, நாள் முழுக்க 100 சதவீதத்தில் செருகி வைக்கிறோம். திங்க்பேடில் டிஎல்பி நிரலைக் கொண்டு 75-ல் ஏறத் தொடங்கி 80-ல் நிற்கும்படி வைக்கலாம். க்னோம் என்ற லினக்ஸ் திரைச்சூழலில் 48-ம் பதிப்பு முதல் அமைப்புகளிலேயே இதற்கு ஒரு பொத்தான் உண்டு. டச்பேட் மேலெழும்பி அழுத்த முடியாமல் போனால் அடியில் பேட்டரி உப்பியிருக்கிறது. அன்றே நிறுத்துங்கள், குத்திப் பார்க்காதீர்கள். நான்கு வருஷத்துக்கு மேற்பட்ட லேப்டாப்பில் ஃபேன் தூசி தட்டி தெர்மல் பேஸ்ட் மாற்றினால் கோடையில் வேகம் குறைவது பெருமளவு நிற்கும்.

டேலி, ஜிஎஸ்டி, கல்யாணப் பத்திரிகை வேலை எல்லாம் லினக்ஸில் ஆகுமா?

டேலி பிரைமுக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை லினக்ஸில் ஓட்டுவது தொல்லை. அச்சகத்தில் கோரல்டிராவும் பேஜ்மேக்கரும்தான் ஆட்சி. இந்தத் தொழிலில் இருப்பவர் விண்டோஸை விட வேண்டாம், தனித்தனி எஸ்எஸ்டியில் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டும் வைத்திருந்தால் மணி ஐந்தரை மணி நேரம் தப்பாகக் காட்டுகிறதே?

லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தை உலகப் பொது நேரமாகவும், விண்டோஸ் அதையே இந்திய நேரமாகவும் வாசிப்பதால் வருவது. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதன் டிஸ்க் லினக்ஸில் படிக்க மட்டும் திறக்கும், எழுத விடாது.

தமிழ் தட்டச்சு?

ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சு நிரலை நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை அமைப்பு வந்துவிடும். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளுக்கு அந்த எழுத்துருவை நகலெடுத்துப் போட்டால் கண்ணுக்குத் தெரியும். தேட, திருத்த வேண்டுமானால் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்.